இல்லை என்று எழுதாதவர்

நான் தட்டச்சு செய்த தாளில் அவர் முதன்முதலாக வெட்டிய சொல் ‘இல்லை’. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். ஒரு மாம்பழச் சாற்றுக்கு அறிக்கை அடித்திருந்தேன். சீனித்துளசிச் சத்து என்ற இடத்துக்கு நேரே, அவருடைய பென்சில் குறிப்பைப் பார்த்து, வடிவாக ‘இல்லை’ என்று போட்டிருந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்து தமிழுக்கு நல்ல புள்ளி வாங்கி வந்தவன் நான். என் தாளில் யாரும் கை வைத்தது கிடையாது. அவர் ஒரே கோட்டில் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு ‘காணப்படவில்லை’ என்று எழுதினார். அதற்குக் கீழே, இன்ன அளவுக்குக் குறைவாக இருந்தால் எங்கள் கருவிக்குத் தெரியாது என்று ஒரு வரியும் சேர்த்தார்.

“ரெண்டும் ஒண்டுதானே மிஸ்” என்றேன்.

“ஒண்டில்லை. இல்லை எண்டு சொல்லக் கடவுளுக்குத்தான் ஏலும். நான் பாத்தன், காணேல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் கிளாக்கர்.”

அதைச் சொல்லும்போதே ‘ஒண்டில்லை’ என்று ஓர் இல்லையைப் போட்டுவிட்டாரே என்பது எனக்குப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அடுத்த நாள் கேட்கலாம் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் துணிவு வரவில்லை.

மானிப்பாயில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டை வாடகைக்கு எடுத்து நடத்திய சிறிய ஆய்வுகூடம் அது. பிஸ்கட், சோடா, பழச்சாறு, யோகட் என்று வருகிறவற்றைச் சோதித்து அறிக்கை கொடுப்போம். அவர்தான் அங்கே பகுப்பாய்வாளர். நான் முன் மேசையில் இருந்து போத்தல்களை வாங்கி, இலக்கம் ஒட்டி, அறிக்கை அடிக்கிற கிளாக்கர். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவராக இருக்கலாம். பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. பெயரை எழுத அவரிடம் அனுமதி கேட்கவில்லை, ஆகவே இங்கேயும் மிஸ்தான்.

சீனித்துளசி என்பது கடைகளில் ஸ்டீவியா என்று எழுதியிருக்குமே, அந்தச் செடி. இலையில் ஒரு நுள்ளு வாயில் போட்டால் நாக்கு அரைமணித்தியாலத்துக்கு இனிக்கும். சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவு உள்ளவர்களுக்கு, நல்லது என்று அந்த நாள்களில் ஆளுக்காள் அதைக் குடிபானங்களில் போடத் தொடங்கியிருந்தார்கள். போட்டவர்கள் போட்டதாகவும், போடாதவர்கள் போடவில்லை என்றும், கூடப் போட்டவர்கள் குறையப் போட்டதாகவும் லேபல் ஒட்டினார்கள். எந்தப் போத்தலில் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது மிஸ்ஸின் வேலை. அந்த முறைக்குப் பெயர் குரோமட்டோகிராபி. அதைப் பிழையில்லாமல் அடித்துப் பழக எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

அது என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். சாண் நீளமான உருக்குக் குழாய் ஒன்றைக் காட்டினார்.

“உது மருதனார்மடம் சந்தை எண்டு வையுங்கோ. எல்லாரையும் ஒரே நேரத்திலை ஒரு வாசலாலை உள்ளுக்கு விடுறம். ஒண்டும் வாங்காத ஆள் விறுவிறெண்டு மற்ற வாசலாலை வந்திடும். ஒவ்வொரு கடையிலையும் நிண்டு விலை கேக்கிற ஆள் கடைசியாத்தான் வரும். நான் வெளிவாசல்லை நிண்டு ஆர் எப்ப வருகினம் எண்டு பாக்கிறன். அவ்வளவுதான்.”

“அப்ப சீனித்துளசி?”

“அது கடை பாக்கிற ஆள். சீனி போய்க் கனநேரத்துக்குப் பிறகுதான் வரும்.”

என் மனைவியோடு சந்தைக்குப் போய் வெளியில் காத்து நின்ற நாள்களையெல்லாம் நினைத்தேன். கருவி எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது.

கணினித் திரையில் ஒரு கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது வெளிவாசலுக்கு வந்தால் அது எழும்பி இறங்கும். அதைப் பீக் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் மலை பார்க்காத குறையை அந்தத் திரையில் தீர்த்துக்கொள்ளலாம். சின்னப் பீக் ஒன்று வந்தால் மிஸ் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிடுவார். கோடு நடுங்குவதும் ஒரு சின்னப் பீக் எழும்புவதும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். எனக்கு எல்லாம் ஒன்று. அவருக்கு அதைப் பிரித்துச் சொல்வதில்தான் சீவியமே போனது.

காலையில் வந்ததும் முதல் வேலை வெறும் தண்ணீரைக் கருவிக்குள் விடுவது. நேற்றைய ஆள் யாரும் உள்ளே தங்கி நிற்கிறாரோ என்று பார்க்க. அதில் கோடு சற்று எழும்பினாலும் கழுவுவார். திரும்பவும் தண்ணீர். திரும்பவும் கழுவல். வாசலில் ஆள்கள் அறிக்கைக்குக் காத்து நிற்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்குப் பழைய பேப்பர் கொடுத்து உட்காரவைப்பேன். கரண்ட் போய் வந்தால் போச்சு. பாதியில் நின்ற இடத்திலிருந்து தொடங்குகிற பழக்கம் அவரிடம் கிடையாது. மறுபடி தண்ணீர்.

ஒரு போத்தலில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அதோடு விடவும் மாட்டார். தனக்குத் தெரிந்த அளவு சத்தைத் தானே அந்தப் போத்தலில் சொட்டுச் சொட்டாக விட்டு, திரும்பவும் ஓட்டிப் பார்ப்பார்.

“இப்ப நீங்களே போட்டதை நீங்களே தேடுறியள்” என்று பகிடி பண்ணினேன்.

“எனக்குக் கண் தெரியுதோ எண்டு முதல் பாக்கவேணும். போட்டதே தெரியாட்டி, போடாததைப் பற்றி நான் என்னத்தைச் சொல்லுறது?”

ஒரு வாய் குடித்துப் பார்த்தால் நானே சொல்லிவிடுவேனே என்று இன்னொரு நாள் சொன்னேன். “சொல்லுவியள். உங்கடை நாக்கு கையெழுத்து வைக்குமோ?” என்றார். சிரித்ததாகத் தெரியவில்லை. அவர் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் ஏதோ நடக்கும். அது நடந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல எனக்கும் ஒரு கருவி தேவைப்பட்டது.

இந்தக் குணம் ஆய்வுகூடத்துக்குள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. பஸ் தரிப்பிடத்தில் யாராவது “பஸ் போயிட்டுதோ?” என்று கேட்டால், வேறு யாராக இருந்தாலும் “போயிட்டுது” என்பார்கள், அல்லது “இன்னும் இல்லை” என்பார்கள். மிஸ் மணிக்கூட்டைப் பார்த்து, “நான் வந்து பதினொரு நிமிசம். அதுக்குள்ளை போகேல்லை. அதுக்கு முந்தித் தெரியாது” என்பார். கேட்டவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அவருடைய ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைப் பெடியன் மிஸ்ஸின் வீட்டு ஒழுங்கையில் குடியிருக்கிறவன். பெண்ணின் தகப்பன் விசாரிக்க ஆய்வுகூடத்துக்கே போன் எடுத்தார். போன் என் மேசையில்தான் இருந்தது. அவர் பேசியது எனக்கும் கேட்டது, அவ்வளவு பெரிய குரல்.

“பெடியனிலை ஏதும் குறை இருக்கோ பிள்ளை?”

“நான் கண்ட அளவிலை காணேல்லை அத்தான்.”

“அப்ப இல்லையெண்டு எடுக்கலாமோ?”

“அப்பிடி எடுக்கேலாது. நான் அவரைக் கண்டது காலமை பஸ்ஸுக்கு நிக்கேக்கை மட்டும். பஸ்ஸுக்கு நிக்கேக்கை எல்லாரும் நல்ல பிள்ளையள்தான்.”

அந்தப் பக்கம் போன் வைத்த சத்தம் மேசை அதிரக் கேட்டது. கலியாணம் நல்லபடி நடந்தது. மிஸ்ஸுக்கு மட்டும் அழைப்பிதழ் கடைசியாக வந்தது. அவர் போய் முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் இளகுவார். தன் பெட்டியைத் திறந்து, தான் தொடுவதற்கு முன்பே கத்தரிக்காய்க் குழம்பை என் தட்டில் போடுவார். “காணுமோ?” “காணும் மிஸ், காணும்.” அதற்குப் பிறகும் ஒரு கரண்டி போடுவார். நான் காணும் என்று சொன்னதை மட்டும் அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நெல்லி அக்கா வந்தார். சாவகச்சேரிப் பக்கத்து மனிசி. வருடக்கணக்காக ஊறுகாய் போட்டு விற்றவர். புருசனுக்குச் சீனி வருத்தம் வந்த பிறகு, அவருக்காக நெல்லிச் சாற்றில் சீனித்துளசி இலையைக் கட்டிப்போட்டு ஒரு குடிபானம் செய்தார். அக்கம்பக்கத்தில் பிடித்துப்போக, யாழ்ப்பாண நகரத்தில் வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கடைக்காரர் கேட்டு வந்துவிட்டார். முதல் ஓடர். கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: லீற்றருக்கு இன்ன அளவுக்கு மேல் இலைச் சத்து இருக்கக்கூடாது, ஆய்வுகூட அறிக்கை வேண்டும்.

அளவு கூடிவிடும் என்ற பயத்தில் நெல்லி அக்கா முதல் போத்தலுக்குப் பெரிய பானையில் நாலைந்து இலைதான் போட்டிருந்தார். மிஸ் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். கோடு எழும்பவில்லை. கடைக்காரரின் எல்லைக்கு எவ்வளவோ கீழே, நல்ல செய்தி. அறிக்கை நேரே கடைக்காரருக்குத் தபாலில் போகும். முடிவை ஒருவருக்கும் போனில் சொல்லக்கூடாது என்பது எங்கள் முதலாளியின் கட்டளை. சொன்னவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சுவரில் எழுதி ஒட்டாத குறையாகச் சொல்லியிருந்தார்.

அன்று நெல்லி அக்கா போன் எடுத்தார். “தம்பி, என்ரை போத்தல் பாத்தாச்சோ?” இரண்டு பஸ் மாறி வரவேண்டிய மனிசி. மிஸ்ஸின் பென்சில் குறிப்பு என் முன்னால் கிடந்தது. இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வாய் நிற்காது என்பதும் உண்மை. ‘இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். உடனே அந்த வெட்டுக்கோடு நினைவுக்கு வந்தது. மிஸ்ஸின் சொல்லையே சொன்னேன், கொஞ்சம் பெருமையோடு.

“உங்கடை நெல்லியிலை அந்த இலைச் சத்துக் காணேல்லை அக்கா.”

“காணேல்லையோ?”

“ஓம், காணேல்லை. ரெண்டு தரம் பாத்தது.”

“சரி தம்பி, நான் பாத்துச் செய்யிறன்” என்று வைத்துவிட்டார். குரல் இறங்கியிருந்தது. லைன் சரியில்லை என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, ஓடருக்கென்று நிரப்பிய போத்தல்களிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதை ஓட்டியபோது திரையில் எழும்பியது சின்னப் பீக் அல்ல. மிஸ் மூன்று தரம் ஓட்டினார், கழுவிக் கழுவி. மூன்று தரமும் கடைக்காரரின் எல்லைக்கு மேலே. அறிக்கை போனது. இரண்டாம் நாள் மத்தியானம் நெல்லி அக்கா படியேறி வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“முதல் போத்தலிலை காணேல்லை எண்டியள். அதாலைதான் இலையை அள்ளிப் போட்டன். இப்ப கூடிப்போச்செண்டு எழுதியிருக்கிறியள். நான் என்னத்தைச் செய்யிறது மிஸ்?”

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. “காணேல்லை எண்டால் நல்லதுதானே. பிறகேன் போட்டனீங்கள்?”

“காணாட்டிப் போடத்தானே வேணும்?”

வெளியூர் ஆள்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் பேச்சில் சோறு ‘காணும்’ என்றால் போதும். ‘காணாது’ என்றால் போதாது. ‘காணேல்லை’ என்றால் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் வரும், போதவில்லை என்றும் வரும். சட்டிக்கு முன்னால் நின்று கொண்டு கேட்கிற பொம்பிளைக்கு எது விளங்கும்? சத்துப் போதவில்லை, இன்னும் போடு என்று ஆய்வுகூடமே சொல்லிவிட்டதாக அந்த மனிசி எடுத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து இந்த மொழியைப் பேசுகிற எனக்கு அது தோன்றவில்லை. தமிழுக்கு நல்ல புள்ளி வாங்கியவன்.

“கடைக்காரர் என்னவாம்?” என்று மிஸ் கேட்டார்.

“ஒரு போத்தல் காட்டுறதுக்கு, மற்றது விக்கிறதுக்கோ எண்டு கேட்டவர்.” அதுவரை கோபமாக இருந்த குரல் அங்கேதான் உடைந்தது. “பன்ரண்டு வருசமா ஊறுகாய் விக்கிறன் மிஸ். ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேட்டதில்லை. ஓடர் போனால் போகட்டும். நான் கள்ளியோ?”

“உங்களுக்கு ஆர் சொன்னது காணேல்லை எண்டு?”

“உங்கடை போனிலைதான். ஒரு ஆம்பிளைக் குரல்.”

அந்தக் கட்டடத்தில் ஆம்பிளைகள் மூன்று பேர்: முதலாளி, வான் சாரதி, நான். நான் ஓர் அறிக்கைக் கோவையைத் திறந்து அதற்குள் எதையோ மும்முரமாகத் தேடினேன். வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அதற்கு முந்திய வருடம் முழுவதும் வேலையில்லாமல் இருந்தவன். மிஸ் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு ஒருவேளை லேசாக இருந்திருக்கும்.

குற்றம் குடைய, நான் ஒரு யோசனை சொன்னேன். “கருவி கொஞ்சம் முன்பின் காட்டுந்தானே மிஸ். கொஞ்சம் குறைச்சு…”

“காட்டும். எவ்வளவு முன்பின் எண்டும் எழுதியிருக்கிறன். அதையும் கழிச்சுப் பாத்தால் மேலைதான் நிக்குது.” என்னிடம் அதோடு முடிந்தது. நெல்லி அக்காவிடம் திரும்பினார். “போத்தல் எல்லாம் இன்னும் வீட்டிலைதானே? இன்னும் நெல்லிக்காய் கிடக்கோ?”

“கிடக்கு.”

“இலை போடாமல் அதே அளவு சாறு எடுங்கோ. போத்தலுகளைத் திறந்து, சரிபாதியாய்க் கலந்து, திருப்பிக் காய்ச்சி நிரப்பலாம். ஞாயிற்றுக்கிழமை நான் வாறன்.”

போனார். இரண்டு பஸ் மாறி, தன் லீவு நாளில். பின்னால் நெல்லி அக்கா சொல்லித்தான் தெரியும்: காலையிலிருந்து பின்னேரம் வரை ஒரு பலகையில் குந்தியிருந்து போத்தல் மூடிகளைக் கழற்றினாராம், சாறு அளக்கும்போது ஒவ்வொரு தரமும் தானே குனிந்து கோட்டைப் பார்த்தாராம். “ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ எண்டு எவ்வளவு கெஞ்சினன். நாக்கிலை படவிடேல்லை அந்த மனிசி” என்று நெல்லி அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

கலந்து நிரப்பியதில் மிஸ் தன் கையால் எடுத்துவந்த போத்தல்களை ஓட்டினார். எல்லைக்குக் கீழே நின்றது. ‘முன்னர் நிரப்பியதைத் திறந்து கலந்து மீண்டும் நிரப்பியது’ என்று அறிக்கையிலேயே எழுதவைத்தார். அதை எழுதாமல் விட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அந்தளவுக்குப் பழகியிருந்தேன்.

கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் குழம்பினார். மூன்று போத்தல், மூன்று கதை, எதை நம்புகிறது என்றார். வெள்ளிக்கிழமை சாமான் கப்பலுக்குப் போகிறது. அதற்குள் என்ன நடந்தது என்று ஆய்வுகூடம் கையெழுத்து வைத்து எழுதித் தந்தால் எடுக்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளிடம் எடுக்கிறேன் என்றார். நியாயமான மனிதர்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

புதன்கிழமை மிஸ் கடிதத்தைப் பென்சிலில் எழுதி என் மேசையில் வைத்தார். எல்லாம் இருந்தது: முதல் போத்தல், இரண்டாவது போத்தல், ‘காணேல்லை’ என்ற சொல்லின் இரண்டு பொருள், அதைக் கேட்டு அந்த அம்மா நல்லெண்ணத்தோடு செய்தது. நடுவில் ஒரு வரி: ‘முடிவைத் தொலைபேசியில் இச்சொல்லால் தெரிவித்தவர்’. அதற்குப் பிறகு இடம் வெறுமையாக இருந்தது.

முழுவதும் அடித்தேன். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“அந்த இடம் நிரம்பாமல் நான் கையெழுத்து வைக்கேலாது கிளாக்கர். ஆர் சொன்னது எண்டு தெரியாத கதையைக் கடைக்காரர் நம்பமாட்டார். நானும் நம்பமாட்டன்.”

“மிஸ்ஸுக்குத் தெரியுந்தானே” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“நினைக்கிறன். ஆனால் நான் பாக்கேல்லை, கேக்கேல்லை. நினைக்கிறதை எழுதினால், அந்த மனிசியைக் கள்ளியெண்டு நினைச்ச ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

திரும்பிப் போய்க் கருவிக்குத் தண்ணீர் விட்டார். அன்று மத்தியானமும் குழம்பு போட்டார், காணுமோ என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அவர்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஒரு பெயரைத் தானே எழுதிவிட்டால் நான் கோபித்துக்கொண்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

வாசிக்கிறவர்கள் பதறக்கூடாது, ஆகவே முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். போத்தல்கள் வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் போயின. கடைக்காரர் தான் கேட்ட கேள்விக்காக நெல்லி அக்காவின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கும் அவரிடம்தான் எடுக்கிறார். முதலாளி என்னை இங்கே எழுதமுடியாத தமிழில் ஏசினார், வீட்டுக்கு அனுப்பவில்லை. போனை என் மேசையிலிருந்து தன் மேசைக்கு மாற்றிக்கொண்டார். பின்னால் சொந்தமாக ஒரு தட்டச்சுக் கடை போடும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். மிஸ் இப்போதும் அங்கேதான் வேலை.

ஆனால் வியாழக்கிழமை காலையில் இவை ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அன்று பின்னேரத்துக்குள் கடிதம் போகாவிட்டால், பன்னிரண்டு வருடம் நல்ல பெயரோடு இருந்த ஒரு மனிசி என்னால் கள்ளியாகப் போகிறார் என்பதுதான். கணினிக்கு முன்னால் இருந்தேன். மிஸ்ஸின் வெறுமையான இடத்தில் என் பெயரை அடித்தேன். முதல் எழுத்தோடு, முழுப் பெயரையும். அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் தொடக்கத்திலிருந்து வாசித்தார், என் அறிக்கைகளை வாசிக்கிற அதே நிதானத்தோடு. என் பெயர் வந்த இடத்தில் நிற்கவில்லை. நன்றி சொல்லவில்லை, ஏசவில்லை. கடைசிவரை வாசித்துவிட்டுத் திரும்ப நடுவுக்கு வந்தார். பென்சிலை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார். என் பெயருக்குக் கீழே, இருந்த சின்ன இடைவெளியில், இப்படி எழுதினார்: ‘இல்லை என்று சொல்லக்கூடாது, காணேல்லை என்றே சொல்ல வேண்டும் என்று அவரை வற்புறுத்தியவர்’. அதற்குப் பக்கத்தில் தன்னுடைய பெயர்.

“மிஸ், உது தேவையில்லை. நீங்கள் சொன்னது அறிக்கைக்கு. போனிலை சொல்லச் சொல்லேல்லையே.”

“ஓம். ஆனால் நீங்கள் இல்லை எண்டு சொல்லியிருந்தால் அந்த மனிசிக்கு விளங்கியிருக்கும். உங்களை அதைச் சொல்லவிடாமல் பண்ணினது நான். அதை நான் ஆரிட்டையும் கேட்டு அறியத் தேவையில்லை, எனக்குத் தெரியும். தெரிஞ்சதை எழுதாமல் விடேலாது. திருப்பி அடியுங்கோ, நேரமாகுது.”

திருப்பி அடித்தேன். ஒரு பக்கக் கடிதம்தான். வழக்கமாக எனக்குப் பத்து நிமிடம் காணும். அன்றைக்கு அவருடைய பெயரை அடிக்கும்போது திரை திரும்பத் திரும்பக் கலங்கியது. துடைத்துத் துடைத்து அடித்து முடிக்க முக்கால் மணித்தியாலம் பிடித்தது.